நாக்கில் வராத கே

ஆறாவது பீரியட். சோற்று மயக்கம்.
மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றும்;
அதன் கீழ் இடம் பிடிக்க
சாப்பாட்டு மணிக்கு முன்பே பையைப் போட்டு வைப்போம்.

பெர்சிஸ் மிஸ் பேய்க்கதை எடுத்தார்.
துணைப்பாட நூல், நாலாவது கதை.
முதல் வரியிலேயே பனி கொட்டியது.
பனி என்றால்,
சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில்
சாக்கோடு போட்டு உடைப்பார்களே ஐஸ்,
அது வானத்திலிருந்து, என்றார் மிஸ்.
அதற்குப் பிறகு கதை முழுக்க
எனக்கு வஞ்சிர வாசம்.

பதினேழு அறை வீடு. ஒற்றை ஆள்.
வீட்டுக்குள்ளேயே நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்.
நாங்கள் நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டே
அவரோடு சேர்ந்து நடுங்கப் பார்த்தோம்.
இரவானால் போதும்,
பூட்டிய அறைக்குள்ளிருந்து
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"பதினேழு ரூமுக்கு ஒரே ஆளா?
வாடகைக்கு உட்ருந்தா
பயமே இருந்திருக்காதே மிஸ்"
என்றாள் லோகேஸ்வரி.
அவள் வீட்டில் ஒரு அறை, ஏழு பேர்,
கூவத்தைப் பார்த்த கதவு.
மிஸ் சிரிப்பை விழுங்கிக்கொண்டு
"வாயாடி, நீயே வாசி" என்றார்.

எழுந்தாள். விரலை வரிமேல் வைத்தாள்.
"க்நாக்" என்றாள். "க்நாக், க்நாக்."
வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"நாக். நாக்கில் கே வராதும்மா."
"என் நாக்குல வருதே மிஸ்."
"அது சைலன்ட்."
"சொல்லக்கூடாதுன்னா
அது ஏன் மிஸ் அங்க நிக்குது?"

மிஸ் சாக்பீஸைக் கையில் உருட்டினார்.
ஒரு காலத்தில் சொன்னார்களாம்.
அப்புறம் வாய் அதை விட்டுவிட்டதாம்.
எழுத்து மட்டும் வாசலிலேயே நிற்கிறது.
"ஆனா எழுதணும். விட்டா மார்க் போயிடும்."

பறக்கும் ரயில் போனது.
ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன.
மணி அடித்தது. மீதி திங்கட்கிழமை.

சனிக்கிழமை விடியலில்
அவர்கள் கதவைத்தான் தட்டினார்கள்.
கையில் பட்டியல். பின்னால் லாரி.
லாரிக்குப் பின்னால் மஞ்சள் இயந்திரம்.
பெரும்பாக்கத்தில், எட்டாவது மாடியில்
அவர்களுக்கு ஒரு வீடு இருக்கிறதாம்.

சாயங்காலம் நான் போனபோது
ஒரே ஒரு சுவர் நின்றது, நீலப் பூச்சோடு,
நாலு பக்கமும் வானம்.
ஆணியில் தினசரிக் காலண்டர்.
வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்திருந்தார்கள்.
அந்த அவசரத்தில் யார் கிழித்தது
என்று மட்டும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

திங்களன்று கதையை முடித்தோம்.
தட்டியது யார் என்று
கடைசிப் பக்கத்தில் சொல்லியிருந்தார்கள்.
சுத்தமாக மறந்துவிட்டது.

நினைவிருப்பது வருகைப் பதிவேடு.
மிஸ்தான் எங்கள் வகுப்பாசிரியை.
டி.சி. வாங்கும்வரை
பெயரை அடிக்க முடியாதாம்.
இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று...
வராத ஒரு "எஸ் மிஸ்"ஸுக்காக
ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார்.
டிசம்பர் வரை காத்திருந்தார்.
பிறகு ஒரு நாள், மழைக்குத் தாமதமாக வந்த அவசரமோ என்னவோ,
முப்பதிலிருந்து முப்பத்திரண்டுக்குத் தாவினார்.

பின்பெஞ்சில் மரத்தை
யாரோ ஒருமுறை தட்டினார்கள்.

மிஸ் நிமிரவில்லை. பேனா நின்றது.
அப்போது ரயில் எதுவும் போகவில்லை.

மறுநாளும் அதே இடத்தில் ஒரு தட்டு.
அதற்கு அடுத்த நாளும்.
முழுப்பரீட்சை வரைக்கும்.
யார் என்று மிஸ் கேட்கவே இல்லை.

முதல் நாள் தட்டியது நான்.
மற்ற நாட்களில்
நான் இல்லை.